கடைசிக் குழாய்

ஊரின் கழிவுநீர் முழுவதும் எங்கள் நிலையத்துக்குத்தான் வருகிறது. ஒரு முனையில் உள்ளே வருவதை யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். மறுமுனையில் வெளியே போவதைக் குடிக்கலாம். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்துவிடுவோம். முதலில் சுற்றிக் காட்டுவோம். பிறகு ஒரு பேச்சு. பேச்சு முடிந்ததும், வந்தவர்கள் தாங்களே தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் பயிற்சி. பேச்சின் கடைசியில், பேசியவர் எல்லோர் முன்னாலும் கடைசிக் குழாயின் தண்ணீரை ஒரு டம்ளர் குடிப்பார்.

குடிக்கும் வழக்கத்தை ஆரம்பித்தது என் மனைவி. அவள் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். நான் பம்புகளையும் மோட்டார்களையும் கவனிக்கும் பொறியாளர்.

போன கோடையில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. பிறவியிலிருந்தே அந்த இடத்தில் குழாய்ச் சுவர் மெலிந்து உப்பியிருந்ததாக மருத்துவர் படத்தைக் காட்டிச் சொன்னார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

உடல் வீட்டில் கிடந்தபோதே பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "மாசா மாசம் சாக்கடைத் தண்ணியைக் குடிச்சா வேற என்ன ஆகும்?" திரும்பிப் பார்த்தேன். சொன்ன வாயில் பிஸ்கட் இருந்தது. மென்றுகொண்டே மறுபடியும் சொன்னாள்.

அத்தையும் அதைக் கேட்டார். அத்தை என் மனைவியின் அம்மா. அன்றிலிருந்து அவர் என் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிப்பதில்லை. கைப்பையில் ஒரு பாட்டில் கொண்டு வருவார். டீ போட்டுக் கொடுத்தால், "இப்போதான் குடிச்சேன் மாப்பிள்ளை" என்பார். கேட்காமலே எனக்குப் புரிந்தது. மகள் தன் வேலையாலேயே, டம்ளர் டம்ளராகத் தன்னைக் கொன்றுகொண்டாள் என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

பேச்சு நின்றுபோயிருந்தது. அதை மறுபடி தொடங்கச் சொன்னவர் மேனேஜர். காரணம், அத்தை குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. எங்கள் தண்ணீரை அந்தக் குடியிருப்பின் தொட்டிக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோக ஒரு திட்டம் வந்திருந்தது. அடுத்த வாரம் அங்கே கூட்டம் கூடிக் கை தூக்கி முடிவெடுக்க வேண்டும். குடியிருப்பில் எல்லோரும் ஒரே பேச்சு: "அந்தம்மா தூக்கினா நாங்களும் தூக்குறோம். பறிகொடுத்தவங்க அவங்க."

"பேச்சு நீதான் குடுக்கணும் தம்பி," என்றார் மேனேஜர். "உன் வாயால சொன்னா ஒரு எடை இருக்கும்."

தலையாட்டினேன்.

அத்தை போனில் கேட்டார்: "நீங்க குடிக்கப் போறீங்களாமே?"

"ஆமா அத்தை."

"நான் வந்து பார்க்கணும்."

"வாங்க."

"அவ குடிச்ச அதே தண்ணியா?"

"அதே தண்ணி. அதே குழாய்."

போனை வைத்துவிட்டார்.

அவர் கை தூக்குவதோ தூக்காததோ எனக்கு ஒன்றுமில்லை. என் வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜக்கை எடுத்துப்போய்க் கடைசிக் குழாயில் நானே பிடித்தேன். கூடத்தின் மேசையில் வைத்து ஒரு தட்டால் மூடினேன். மேனேஜர் கூடம் முழுவதும் ரூம் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். எலுமிச்சை வாசனை. எங்கள் நிலையத்தின் நாற்றம் ஒரு மாதிரி, பழகிவிடும். அதன் மேல் எலுமிச்சை வாசனை சேர்ந்தபோது எனக்குக் குமட்டியது. மலத்தின் மேல் பழம் பிழிந்தது போல இருந்தது.

"வர்றவங்க முகம் சுளிக்கக்கூடாது பாரு," என்றார்.

"கழிவுநீரைப் பார்க்கத்தான் வர்றாங்க சார்."

"பார்க்கட்டும். மோந்து பார்க்கணும்னு அவசியமா?"

கூட்டம் வந்தது. கல்லூரிப் பெண்கள் சிலர், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறையப் பேர். அத்தை வேனிலிருந்து கடைசியாக இறங்கினார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஓரமாக நின்றார். வழக்கமாக வருகிற "சந்தேகமும்" வந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எங்கே அறிவியல் பேச்சு நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். தொலைநோக்கியில் நிலா காட்டினாலும் போவார், குச்சியால் பாலம் கட்டி உடைக்கும் பயிற்சி என்றாலும் போவார். "எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்தால் அது சின்னதாக இருக்காது. பெயர் வைத்தது என் மனைவி.

முதலில் எல்லோரையும் கம்பித் தடுப்புக்குக் கூட்டிப்போனேன். கழிவுநீர் உள்ளே நுழையும் இடம் அது. தண்ணீரோடு வரும் குப்பை அந்தக் கம்பிகளில் மாட்டிக்கொள்ளும். ஒரு இரும்பு வாரி அதைச் சுரண்டி மேலே ஏற்றித் தொட்டியில் கொட்டும். நாங்கள் போனபோது வாரி ஏறிக்கொண்டிருந்தது. ஈரத் துணிகள், டயப்பர்கள், பிளாஸ்டிக் பைகள், கெட்டியான எண்ணெய்க் கொழுப்பு, எல்லாவற்றையும் பின்னிப் பிணைத்துக்கொண்டு முடி. ஒரு பல்செட்கூட இருந்தது. தொப்பென்று விழுந்தது.

கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. ஒருவன் ஃபோனை நீட்டிப் படம் எடுத்தான். பல்செட்டை அருகிலிருந்து படமெடுக்க எக்கினான்.

"ஐயோ கடவுளே, இதையெல்லாம் யாருங்க போடறது?" என்றார் வேனில் வந்த ஒரு பெண்.

"நீங்கதான்."

"எங்க வீட்ல நாங்க டாய்லெட்ல ஒண்ணும் போட மாட்டோம்."

"எல்லா வீட்லயும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா தினமும் ஒரு லாரி சேருது."

அவர் கணவர் கம்பியைக் காட்டினார். "பாரு, உன் முடிதான் அது."

"ஆமா, உங்க தலையில இருந்து வர வழியில்லையே. மொட்டையாகி எத்தனை காலம் ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் வாய் வழியாக மூச்சிழுத்து இருமினார்கள். அத்தை சிரிக்கவில்லை. கைக்குட்டையும் எடுக்கவில்லை. அந்த முடிக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுக்கு எனக்கு அருவருப்பில்லை. அழுக்கைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வீட்டுக்குப் போய் மறுபடியும் அதையே குழாயில் விடப் போகிறவர்கள்தான் அருவருப்பாக இருந்தார்கள். என் மனைவிக்கு அவர்களைப் பிடிக்கும். அவளால் முடிந்தது.

அடுத்தது காற்றுத் தொட்டி. பழுப்பு நிறத் தண்ணீர் கொதிப்பது போல நுரைத்துக்கொண்டிருந்தது. அடியிலிருந்து காற்று ஊதுகிறோம், அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன, நாம் மிச்சம் வைத்ததைத் தின்றுதான் அவை பிழைக்கின்றன என்றேன்.

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம்," என்றார் சந்தேகம். "தின்னுட்டு அதுங்களும் கழிக்குமே. அது எங்கே போகும்?"

"அதைத் தின்ன வேற கிருமி இருக்கு."

"அதுவும் கழிக்குமே."

"கடைசியில கொஞ்சம் சேறு மிஞ்சும் சார். அதைக் காயவெச்சு உரமாக்குவோம்."

"அப்போ முடிவே இல்லைன்னு சொல்லுங்க."

"இல்லை."

திருப்தியாகத் தலையாட்டினார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

படியவிடும் தொட்டி, மணல் வடிகட்டி, மென்படல வடிகட்டி, புற ஊதா விளக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டி முடித்துக் கூடத்துக்கு வந்தோம். பேச்சு முப்பது நிமிடம். அவள் வரைந்த படங்களையே திரையில் போட்டேன். அவள் சொல்லும் நகைச்சுவைகளை விட்டுவிட்டேன். என் வாயில் அவை நிற்காது.

பேச்சு முடிந்தது. ஜக்கிலிருந்து டம்ளரில் ஊற்றி, எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன். முதல் வாய் விழுங்கினேன்.

கடைசிக் குழாய்த் தண்ணீருக்கு ருசி கிடையாது. மென்படலம் உப்பை எல்லாம் எடுத்துவிடும். நாக்கில் ஏதோ வெற்றிடம் இருப்பது போலத் தோன்றும். இந்தத் தண்ணீரில் ருசி இருந்தது. லேசான இனிப்பு, லேசான உப்பு. கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர்.

அதற்குள் பாதி டம்ளர் உள்ளே போயிருந்தது. கூட்டம் கைதட்டியது. மேனேஜர் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார். அத்தை தட்டவில்லை. என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கியதும் அவரும் விழுங்கினார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். நான் சுற்றிக் காட்டப் போயிருந்த நேரத்தில் ஜக்கை மாற்றியிருக்கிறார்கள். சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறந்தது. அதிலிருந்து, "அடுத்து பயிற்சி, எல்லாரும் மேசைக்கு வாங்க" என்றுதான் வந்தது. வழக்கமாக அடுத்து வருவது அதுதான்.

மேசையில் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள். குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், உப்புக் கரைத்த தண்ணீர், கடைசிக் குழாய்த் தண்ணீர். ஒவ்வொருவர் கையிலும் பேனா அளவு ஒரு மீட்டர். தண்ணீருக்குள் நுனியை விட்டால், கரைந்திருக்கும் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும். இது உப்பை மட்டும்தான் அளக்கும், கிருமியைச் சொல்லாது என்று முதலிலேயே சொன்னேன். குழந்தைகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கி அளந்தார்கள். ஒரு சிறுமி தன் எச்சிலை உள்ளங்கையில் துப்பி அளந்துவிட்டு அம்மாவிடம் அடி வாங்கினாள்.

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம்."

அவர் மேசையருகில் இல்லை. மேடையருகில் நின்றார். நான் பாதி குடித்து வைத்த டம்ளரில் மீட்டரின் நுனி இருந்தது.

"கடைசிக் குழாய்த் தண்ணின்னு எழுதி வெச்சிருக்கற குவளையில பதினெட்டு காட்டுது. நீங்க குடிச்ச டம்ளர்ல நூத்தி முப்பத்திரண்டு. ஒரே தண்ணி எப்படி ரெண்டு எண் காட்டும்?"

எல்லோரும் மேடைப் பக்கம் திரும்பினார்கள். ஆளுக்கொரு மீட்டரைக் கையில் கொடுத்துவிட்டு, அளந்தால் மாட்டிக்கொள்ளும் தண்ணீரை மேடையில் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு ஏற்பாடு செய்தவர் மேனேஜர்தான்.

மேனேஜர் முன்னால் வந்தார். "அது ஒண்ணுமில்லை சார். குடிக்கறப்போ ருசி இருக்கட்டும்னு ஒரு சிட்டிகை உப்பு போடுவோம்."

"சமையலா சார் பண்றீங்க?" என்றார் சந்தேகம்.

சிரிப்பு. அதோடு பின்னாலிருந்து வேன் பெண்ணின் குரல்: "பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடுமா? அவங்களே குடிக்கப் பயப்படறாங்க. நம்ம தொட்டியில மட்டும் ஊத்துவாங்களாம்."

"டீ தயாரா இருக்கு, எல்லாரும் டீ சாப்பிட்டு வாங்க," என்றார் மேனேஜர். என் முழங்கையைப் பிடித்து, கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறைக்கு இழுத்துப்போனார்.

அங்கே நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அவற்றுக்குக் கீழே நசுக்கிய தண்ணீர் பாட்டில்கள். மறைத்த லட்சணம் அவ்வளவுதான்.

"யார் மாத்தினது சார்?"

"கத்தாதே. நான்தான் மாத்தினேன். உனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"பின்னே? உனக்கும் ஏதாவது ஆயிடுச்சுன்னா?" குரலைத் தாழ்த்தினார். "பொய் சொல்லலை தம்பி. அவ விழுந்துட்டான்னு செய்தி வந்தப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த டம்ளர்தான்."

"ஆஸ்பத்திரியில படத்தை நீங்களும் பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"இந்தத் தண்ணி நல்ல தண்ணின்னு தினமும் ரிப்போர்ட்ல கையெழுத்து போடறீங்க."

"போடறேன். அது தண்ணியைப் பத்தி. இது மனசு."

"நீங்க ஒரு தடவையாவது குடிச்சிருக்கீங்களா?"

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமா அந்தக் கம்பித் தடுப்பைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். என்னென்ன வருதுன்னு எனக்குத் தெரியும். எப்படிப்பா தொண்டையில இறங்கும்?"

அந்த மனிதரின் கையெழுத்தை நம்பி ஒரு ஊர் குடிக்க வேண்டும். பிஸ்கட்டை மென்றுகொண்டே பேசிய பெண்ணுக்குப் படிப்பில்லை என்று நினைத்திருந்தேன். இவர் படித்தவர். இரண்டு வாயிலும் ஒரே பேச்சு. அவர் பிடித்திருந்த முழங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க? பாட்டில் தண்ணியா அது?"

அத்தை வாசலில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. பார்வை நசுங்கிய பாட்டில்களின் மேல் இருந்தது.

"வாங்கம்மா, உட்காருங்க," என்றார் மேனேஜர்.

"நீங்க குடிச்சது பாட்டில் தண்ணியா மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

"அப்போ என் பொண்ணு குடிச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் சொல்லிவிட்டார். "அதுவும் பாட்டில்தாம்மா."

அத்தை அவர் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு தடவையும் நானே மாத்திடுவேன். அவளுக்கே தெரியாது. என் சொந்தப் பொண்ணு மாதிரிம்மா அவ. அந்தத் தண்ணியைக் குடிக்க விடுவேனா? ஒரு சொட்டுகூட அவ வாயில பட்டதில்லை."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லை."

அத்தை ஒரு அட்டைப்பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே எங்கோ மாதக்கணக்கில் அடைத்திருந்த ஒரு மூச்சு வெளியே வந்தது. தோள்கள் இறங்கின. "அவ வாயில படலை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அந்தத் தண்ணி அவ வாயில படவே இல்லை."

மேனேஜர் அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். மாட்டிக்கொண்ட அடைப்பை எடுத்துவிட்டவர் போல.

ஒரு தலையாட்டல் போதும். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம். அத்தைக்கு நிம்மதி. என் வீட்டில் தண்ணீர் குடிப்பார், டீ குடிப்பார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஆனால் மாதா மாதம் கூட்டத்தின் முன்னால் நின்று, கடைத் தண்ணீரைத் தூக்கிக்காட்டி, இதுதான் அது என்று சொல்லி ஏமாந்துபோன ஒருத்தியாக அவள் ஆகிவிடுவாள். அவள் இல்லாததால் மறுத்துச் சொல்லவும் முடியாது.

"பொய், அத்தை."

"தம்பி..."

"அவ குடிச்சது கடைசிக் குழாய்த் தண்ணிதான். ஒவ்வொரு தடவையும். நான் ஜக்கைப் பிடிச்சுக்குவேன், அவ குழாயைத் திறப்பா. அங்கேயே அவ ஒரு வாய், நான் ஒரு வாய். அப்புறம் நேரா மேடைக்கு எடுத்துட்டு வருவோம். யாரும் மாத்தலை. இன்னைக்கு மாத்தினதை முதல் வாயிலேயே கண்டுபிடிச்சேன். அவ கண்டுபிடிச்சிருக்க மாட்டாளா? லேப்ல இருந்தவ அவ."

"உனக்கு மூளை இருக்கா?" என்றார் மேனேஜர். "பெத்தவ முன்னாடி பேசற பேச்சா இது?"

அத்தை எழுந்தார். முகம் மறுபடி இறுகிவிட்டது.

"இப்போதான் ஒரு மூச்சு நிம்மதியா விட்டேன். அது பொறுக்கலையா உங்களுக்கு?"

என் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"பக்கத்துலயே நின்னு ஜக்கைப் பிடிச்சிருக்கீங்க."

"ஆமா."

"குடிக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லலை."

"ஏன் சொல்லலை?"

"நல்ல தண்ணி அத்தை அது."

"நல்ல தண்ணி," என்றார் அத்தை. அந்த வார்த்தை அவர் வாயில் கெட்டுப்போன பண்டம் மாதிரி இருந்தது. "அப்போ வாங்க. என் கண் முன்னாடி குடிங்க."

கூடத்தின் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். டீ கோப்பைகளோடு நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் நின்றேன்.

"மேடையில நான் குடிச்சது கடையில வாங்கின தண்ணி," என்றேன். "மாத்தி வெச்சிருந்தாங்க. குடிச்சதுமே தெரிஞ்சுது, சொல்லாம இருந்துட்டேன். கடைசிக் குழாய்க்குப் போறேன். மீட்டர் வெச்சிருக்கவங்க வாங்க."

பின்னால் மேனேஜர் ஏதோ சொன்னார். பாதிக் கூடம் என்னோடு வெளியே வந்தது. அவரும் கொஞ்ச தூரம் வந்தார். பிறகு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு ஒதுங்கிவிட்டார். மேலிடத்துக்குச் சொல்கிறார் என்று அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

கடைசிக் குழாய் ஒரு சுவரோரமாக இருக்கிறது. இரும்புக் குழாய், பச்சை நிறக் கைப்பிடி, கீழே ஒரு சிமெண்ட் தொட்டி. அங்கே ரூம் ஸ்ப்ரே வாசனை இல்லை. டம்ளரைக் கழுவிப் பிடித்தேன். சந்தேகம் முண்டியடித்து முன்னால் வந்து மீட்டரை விட்டார்.

"பத்தொன்பது!" என்று அறிவித்தார், ஏலம் விடுகிறவர் போல.

நான் குடித்தேன். முழு டம்ளர். நாக்கில் ஒன்றுமே இல்லை. அதேதான்.

"எண் சரிங்க," என்றார் வேன் பெண். "ஆனா கிருமி இல்லைன்னு அந்த எண் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொல்லாது. அதுக்கு வேற சோதனை இருக்கு. ஒரு நாள் ஆகும். இப்பவே உங்க கையாலயே ஒரு பாட்டில்ல பிடிச்சுக் குடுங்க, மூடியில உங்க கையெழுத்தைப் போடுங்க. நாளைக்கு லேப்புக்கு வந்து நீங்களே பாருங்க."

"யாரைக் கேட்டு லேப்பைத் திறப்பீங்க?"

"யாரையும் கேட்கலை."

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்குமா?" என்றார் மொட்டைக் கணவர். சிலர் சிரித்தார்கள். நியாயமான கேள்வி.

அத்தை யாரையும் பார்க்காமல் மீட்டரைக் கை நீட்டி வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பொண்ணு எதனால போனான்னு இது சொல்லுமா?"

"சொல்லாது அத்தை. அது மருத்துவர் காட்டின படத்துல இருக்கு. நீங்க அன்னைக்கு உள்ளே வரலை."

"வரலை. என்னால முடியலை."

"எங்கிட்ட இருக்கு. எப்போ கேட்டாலும் காட்டறேன்."

மீட்டரைச் சந்தேகத்திடம் திருப்பிக் கொடுத்தார். என் கையிலிருந்த டம்ளரை எடுத்தார். குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்தார். மூக்கருகில் கொண்டுபோனார். ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, உடனே தொட்டியில் துப்பினார்.

"தூ! என்ன கண்றாவி இது. செத்த தண்ணி மாதிரி இருக்கு."

வேன் பெண் வாயில் கை வைத்தார்.

"உப்பு இல்லை அத்தை. அதான்."

"இதையா அவ மாசா மாசம் குடிச்சா? எப்படிக் குடிச்சா?"

"மூக்கைச் சுருக்கிக்கிட்டுத்தான். குடிச்சு முடிச்சதும் கூட்டத்தைப் பார்த்து நாக்கை முழுசா வெளியே நீட்டிக் காட்டுவா. 'தண்ணி சுத்தம், ருசி கேவலம்'னு சொல்லுவா. அவ பேச்சுல அதுக்குத்தான் பெரிய கைதட்டல்."

அத்தை என்னையே பார்த்தார். கண் நிறைந்தது, வழியவில்லை.

"கழுதை," என்றார். "மருந்து குடுத்தாலும் அப்படித்தான் நீட்டுவா. அடி விழும்னு தெரிஞ்சே நீட்டுவா."

"எனக்கு அது தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தானே ஊத்தினேன்."

பின்னால் சந்தேகம் தொண்டையைச் செருமினார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அத்தை மரத்தடியில் ஃபோன் பேசிக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கம்பித் தடுப்பில் விழுந்ததைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

"நான் கை தூக்குவேன்னு நினைச்சுக்காதீங்க," என்றார் என்னிடம்.

"நினைக்கலை."

"தண்ணி எப்படியோ இருக்கட்டும். அது யோசிக்கற விஷயம், யோசிப்பேன். ஆனா என் பொண்ணு பேரைச் சொல்லிப் பொய் சொல்லிட்டு அந்தாளு கண்ணடிச்சான். தலை குனிஞ்சிருந்தா பார்க்க மாட்டேன்னு நினைச்சான். கடைக்கண்ணுல தெரிஞ்சுது அவன் மூஞ்சி. அவன் கையெழுத்து போட்ட தண்ணி எங்க தொட்டிக்கு வேண்டாம். கூட்டத்துல எழுந்து நின்னு இதைத்தான் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க அத்தை."

"உங்க வேலை போகும்."

"போகட்டும்."

டம்ளரில் இன்னும் மிச்சம் இருந்தது. கீழே ஊற்றுவார் என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரே மடக்காகக் குடித்தார். இந்தத் தடவை துப்பவில்லை. முகம் மட்டும் அஷ்டகோணலாகப் போனது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.